அப்பாவின் பெயர் தைத்த சட்டை

நாமெல்லாம் இப்போது மார்பில் பெயர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். வாலாஜாபாத்தில் காலை ஆறு மணிக்கு கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களில் பாதிப் பேர் என்னோடு பத்தாவது படித்தவர்கள். என் சாம்பல் நிற மேல்சட்டையில் பெயருக்குக் கீழே ‘தரக் கட்டுப்பாடு’ என்று இருக்கிறது. போன வாரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி என் பெயர்ப்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உங்கப்பா மிலிட்டரிதானே? அந்த டிரெஸ்ஸையெல்லாம் இன்னா பண்ணாரு?” என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். கதை பாதியில் இருக்கும்போதே பஸ் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. மீதியை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலர் வீட்டிலும் பழைய சீருடை வைத்த ஒரு பெட்டி இருக்கும்.

பொதுவாக என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் ஐந்து பேர். ஒருவருடைய நீளக் கம்பளிக் கோட்டு இருபது வருடமாக மோட்டார் பம்புக்குப் போர்வை. ஒருவர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பால் கறந்தார்; அவர் வேறு சட்டையில் வந்தால் மாடு உதைக்குமாம். ஒருவர் சீருடையில் ஒரு ஜோடியை இஸ்திரி போட்டு பீரோவில் வைத்து, கடைசிப் பயணத்துக்கு அதைத்தான் உடுத்தவேண்டும் என்று மகன்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். இன்னொருவர் வீட்டில் அது தலையணை உறையாகிவிட்டது. மனுஷன் ரெஜிமெண்ட் மேலேயே தலை வைத்துத் தூங்குகிறார் என்று கேலி செய்வார்கள்.

ஐந்தாவது ஆள் எங்கள் அப்பா. அவர் எதையும் உடுத்தவில்லை, வெட்டவில்லை, கொடுக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து எண்ணினார்.

அப்பா வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் பிரிவில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக வந்தவர். வந்த மூன்றாம் மாதமே மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்துவிட்டார். அங்கே நீலச் சட்டை கொடுத்தார்கள். பழைய உடைகள் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருந்தன. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் பாய் விரித்து, பெட்டியில் இருப்பதை எல்லாம் வரிசையாகப் பரப்புவார். ராணுவத்தில் அதற்கு கிட் லே-அவுட் என்று பெயர். அதிகாரி வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். எங்கள் வீட்டில் அந்த அதிகாரி நான். எனக்கு அப்போது பத்து வயது.

ஒரு நோட்டில் பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. நான் வாசிக்கவேண்டும், அப்பா தொட்டுக் காட்டி எண்ணிக்கை சொல்லவேண்டும், நான் டிக் போடவேண்டும். அதுவரை வருடத்துக்கு இரண்டு மாதம் விடுமுறையில் வந்து போன மனிதரோடு எனக்குப் பேச வேறு விஷயமே இருக்கவில்லை. பட்டியல் இருந்தது நல்லதாயிற்று.

“சட்டை.”

“மூணு.”

“கால்சட்டை.”

“மூணு.”

“கம்பளி ஜெர்சி.”

“ஒண்ணு. முழங்கையில ஒட்டு.”

“ஒட்டையும் எழுதணுமாப்பா?”

“எழுதணும். இருக்கறத இருக்கறபடி எழுதணும்.”

அந்துருண்டையின் வாசனை, பூட்ஸ் பாலிஷின் வாசனை, தண்ணீர்க் குடுவையின் மூடியைத் திறந்தால் வரும் துரு வாசனை. கடைசியாக ஒரு சின்னத் துணிப்பை: உள்ளே ஊசி, பச்சை நூல், பொத்தான்கள், பாதி பிளேடு. ஆண்கள் தாங்களே தைத்துக்கொள்ள ஒரு பை வைத்திருப்பார்கள் என்பதே எனக்கு அப்போது வியப்பாக இருந்தது.

இனி மாமாவைச் சொல்லவேண்டும். அம்மாவின் அண்ணன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வேர்க்கடலையும் நெல்லும் போட்டுக்கொண்டிருந்தவர். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்பட்டது. அவர் நிலத்தின் மேல் ஒரு கம்பெனியின் மதில் சுவர் வந்தது, பிறகு கேட் வந்தது. மாமா தினமும் காலையில் எழுந்து, பழக்கம் போல நிலத்துக்குப் போகிற திசையிலேயே நடந்து, கேட்டுக்கு எதிரே இருந்த மதகின் மேல் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம்தான் இறங்குவார். தாடி வளர்ந்தது. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போவாள். நான் பள்ளிவிட்டு வரும்போது அவரைக் கடந்துதான் வரவேண்டும். “மாமா” என்று கூப்பிட்டால் என்னைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடையாளம் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர் ஒருவர் பைக்கில் ஊருக்குள் வந்தார். எந்த வீட்டில் மிலிட்டரிக்காரர் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மழையால் அன்று மதகுக்குப் போகாத மாமா, தின்பண்டம் எதையோ கொடுத்துவிட்டுப் போக வந்தவர், சும்மா நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாத்தே, உடம்பு நல்லா கீதே. நீங்களும் மிலிட்டரியா?”

“நானா? நான் மம்பட்டி” என்றார் மாமா.

ஏஜென்சிக்காரர் சிரித்தார். “பரவால்ல. அந்த மதகுக்கு எதிர்ல கீற கம்பெனிக்காரன், மெயின் கேட்ல மிலிட்டரி ஆளு நிக்கணும்ன்றான். நான் எங்க போறது அவ்ளோ பேருக்கு? டிரெஸ் இருந்தா சொல்லுங்க, நாளைக்கே நிக்க வச்சிடறேன். காயிதமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஒரு மாசத்துல எங்க டிரெஸ்ஸே வந்துடும்.”

அவர் போன பிறகு அம்மா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். நான் அங்கேயே இருந்தேன்.

“அம்மா, அது லிஸ்ட்ல இருக்கு.”

“இருக்கட்டும். ஒரு மாசம்தான். உங்கப்பாகிட்ட வாயத் தொறக்காத.”

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். அப்பா ஒல்லி, உயரம். மாமா இரண்டும் இல்லை.

“இன்னாம்மா இது, தொப்பைய எங்க வைக்கறது?”

“மூச்ச உள்ள இழுண்ணா.”

“எவ்ளோ நேரம் இழுத்துகினே நிக்கறது? ஷிப்டு எட்டு மணி நேரமாம்.”

அம்மா இடுப்பைப் பிரித்துத் தைத்தாள். கால்சட்டையின் அடியை மடித்தாள். பூட்ஸ் மட்டும் எதற்கும் மசியவில்லை. சேற்றில் நடந்து அகன்றுபோன அந்தக் கால் எந்த அரசாங்க பூட்ஸுக்குள்ளும் போகாது. கடைசியில் கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் கண்ணாடி முன் நின்றார். வலப்பக்க மார்பில் அப்பாவின் பெயர், கையில் ஹவில்தாருக்கான மூன்று பட்டை, தோளில் படைப்பிரிவின் பெயர். எதையும் அம்மா பிரிக்கவில்லை. அவையெல்லாம் சட்டையோடு சேர்ந்த அலங்காரம் என்றே அவள் நினைத்திருந்தாள். நானும்தான்.

மறுநாள் ஏஜென்சிக்காரர் மாமாவிடம் பெயர் கேட்கவில்லை. மாமாவே பிறகு சொன்னார்: “நெஞ்சப் பாத்தான், நோட்ல எழுதிக்கினான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கைய குடுத்து, ‘வாங்க ஹவில்தார் சார்’ன்னுட்டான். அதுக்கப்புறம் இன்னான்னு சொல்றது?”

ஆக, மாமா தன் நிலத்தின் மேல் நின்ற கேட்டில், அப்பாவின் பெயரில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் முதல் ஞாயிறு. நான் சனிக்கிழமையிலிருந்தே சாப்பிடவில்லை. அப்பா பாயை விரித்தார். பரப்பினார். நான் நோட்டைத் திறந்தேன்.

“சட்டை.”

பாயில் இரண்டு இருந்தன. அப்பா முதல் சட்டையைத் தொட்டார், இரண்டாவதைத் தொட்டார். பாயின் வெற்றிடத்தையும் ஒரு தட்டு தட்டினார்.

“மூணு” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“டிக் போடு.”

போட்டேன். கால்சட்டைக்கும் மூன்று என்றார். அதற்கும் போட்டேன். அம்மா சமையலறையில் பாத்திரத்தை ஓசையில்லாமல் கீழே வைத்தது எனக்குக் கேட்டது. அன்றிரவு அவள், “உங்கப்பாவுக்கு அவ்ளோதான் கவனம்” என்று நிம்மதியாகச் சொன்னாள். எனக்கு நிம்மதி வரவில்லை. பதினேழு வருடம் எண்ணியவருக்கு எண்ணுவதே மறந்துவிட்டது, அவருக்கு வயதாகிவிட்டது, சீக்கிரம் செத்துப்போவார் என்று நினைத்து அழுதேன். அப்பாவுக்கு அப்போது வயது நாற்பதுகூட இல்லை.

இப்போது என் வேலையே டிக் போடுவதுதான். அளக்காமல் ஒரு டிக் போட்டால் அந்தப் பொருள் எங்கெல்லாம் போய் நிற்கும் என்று புதிதாகச் சேருகிற பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். என் முதல் பொய் டிக் எது என்று அவர்களிடம் சொன்னதில்லை.

கார்த்திகையில் விஷயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் பின்கட்டு அறையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் வாடகைக்கு இருந்தார். மாமா காவல் நின்ற கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. புதிதாக வந்தவர், மாமாவை எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. ஒரு நாள் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

“என்ன சார், ஒங்க பேர்ல ஒரு மிலிட்டரிக்காரரு எங்க கேட்ல நிக்காரு, தெரியுமா? நல்ல மனுசன். டீக்கடைல பனிமலைக் கதையெல்லாம் சொல்லுதாரு.”

அம்மா வாளியோடு அப்படியே நின்றாள்.

“அப்படியா? என்ன சொல்றாரு?” என்றார் அப்பா.

“பனி எப்படி இருக்கும்னு நாங்க கேட்டோம். ‘பத்து மார்கழி ஒண்ணா வந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கும்’னாரு.”

அப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “சரியாத்தான் சொல்லியிருக்காரு. என் பேர் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும்ப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். அம்மா அன்று குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த இரண்டரை மாதத்தில் மாமா வேறு ஆளாகிவிட்டார். தாடி போனது. குளித்துத் தலைவாரி, சைக்கிளை மிதித்து, ஷிப்டுக்குக் கால் மணி நேரம் முன்பே போய் நிற்பார். நான் கேட்டைக் கடந்து பள்ளிக்குப் போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். லாரிகள் வந்தால் நம்பரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, பெரிய பெரிய எழுத்தில் ரிஜிஸ்டரில் எழுதுவார். ஏஜென்சி டிரெஸ் வருகிறது வருகிறது என்றார்கள், வரவேயில்லை. சட்டையை அத்தை வாரத்துக்கு ஒருமுறை துவைத்துக் கஞ்சி போட்டாள்.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும். மறுபடி முதல் ஞாயிறு, மறுபடி பாய். நான் “சட்டை” என்றேன். அப்பா “மூணு” என்றார். நான் பென்சிலை வைப்பதற்குள் வாசல் கதவு திறந்தது.

மூன்றாவது சட்டை உள்ளே வந்தது.

மாமா ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். அப்பாவுக்கு அன்றைக்கு ஓவர்டைம் என்று நினைத்திருக்கிறார். “அம்மாடி, குடி கெட்டுதும்மா!” என்று சொல்லிக்கொண்டே நுழைந்தவர், பாயைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். அந்துருண்டை ஒன்று பாயிலிருந்து உருண்டு அவர் ஷூவில் இடித்து நின்றது.

சமையலறை வாசலிலிருந்து அம்மா, “நான்தாங்க குடுத்தேன்” என்றாள்.

“மொதல்ல டீ போடு” என்றார் அப்பா. “உக்காருங்க மச்சான். இன்னா ஆச்சு, சொல்லுங்க.”

மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கம்பெனிக்குப் புதிதாக ஒரு நிர்வாக அதிகாரி வந்திருக்கிறார். ராணுவத்தில் கேப்டனாக இருந்தவராம். செக்யூரிட்டி பட்டியலை வரவழைத்து, அதில் ஹவில்தார் ஒருவர் இருப்பதைப் பார்த்து சந்தோஷப்பட்டு, குடியரசு தினத்தன்று கொடியேற்றும் பொறுப்பு முழுவதும் அவரிடம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாளைக் காலை நேரில் பார்க்கவேண்டுமாம்.

“மாப்ள, நான் பண்ணது தப்புதான். அத அப்புறம் பேசிக்கலாம். கொடிய மட்டும் எப்டி ஏத்தறதுன்னு சொல்லிக்குடுங்க. மூணு வாரம் கீது. கத்துக்கறேன்.”

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, “விறைப்பா நில்லுங்க” என்றார். மாமா நின்றார். “சல்யூட் அடிங்க.” மாமா அடித்தார். ஈ ஓட்டுவது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னை முறைத்தாள்.

“கொடி ஏத்தறது பெரிய விஷயம் இல்ல மச்சான், கத்துக்கலாம். ஆனா ஏத்தின அப்புறம் அவரு கை குடுப்பாரு. எந்த யூனிட்டு, எந்த வருஷம், யாரு உங்க கமாண்டிங் ஆபீசர்னு கேப்பாரு. அதுக்குப் பதில் கத்துக்க பதினேழு வருஷம் ஆவும்.”

மாமாவின் கை இறங்கியது.

“அப்ப என் வேலை?”

“நாளைக்குப் போய் இருக்கறத இருக்கறபடி சொல்லிடலாம். நானும் வரேன்.”

“சொன்னா வூட்டுக்குப் போடான்னுடுவான் மாப்ள.” மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். “மறுபடியும் அந்த மதகு மேலயே போய்க் குந்தணுமா? என்னால முடியாது மாப்ள. இந்த தபா குந்தினா எழுந்துக்க மாட்டேன்.”

டீ வந்தது. அப்பா மாமாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். மாமா பனியனோடு சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். அப்பா துணிப்பையிலிருந்து பாதி பிளேடை எடுத்து, சட்டையை மடியில் போட்டு, பெயர்ப்பட்டையின் தையலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார். அவசரமில்லை. துணியில் கீறல் விழாமல், நூலை மட்டும். பெயர் வந்தது. மூன்று பட்டை வந்தது. தோளில் இருந்தது வந்தது. அவை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்பச்சையாக இருந்தது.

பிரித்த மூன்றையும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டையை உதறி மாமாவிடம் நீட்டினார்.

“இதுங்க என்னுது. இது வெறும் துணி, நீங்க வச்சுக்கங்க. மார்கழிப் பனிக்கு உள்ள போட்டுக்கலாம்.”

பிறகு என் நோட்டை வாங்கி, சட்டைக்கும் கால்சட்டைக்கும் ‘மூன்று’ என்பதை அடித்து ‘இரண்டு’ என்று எழுதினார். பக்கத்தில் தேதி போட்டு, தானே கையெழுத்து வைத்தார்.

மறுநாள் காலை அப்பாவின் மொபெட்டில் மூன்று பேர் போனோம். முன்னால் புத்தகப்பையோடு நான் நின்றேன், பின்னால் மாமா. என்னைப் பள்ளியில் இறக்குவது வழியில்தான் என்றாலும், முதலில் கேட்டில் நின்றோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஷேவ் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்.

கேப்டன் என்றால் பெரிய ஆளாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட குள்ளமான மனிதர். கேட் அறையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் நின்று அடித்த சல்யூட்டின் ஓசையில் நான் திடுக்கிட்டேன். அப்பா சல்யூட் அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேப்டன் எழுந்துவிட்டார்.

அப்பா பெயரையும் பிரிவையும் சொன்னார். அதிகாரி பட்டியலைப் பார்த்தார். “நீங்கதான் எங்க ஹவில்தாரா?”

“பேர் என்னுது சார். ஆளு இவரு.”

அப்பா மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். அதிகாரியின் முகம் சிவந்தது. “இது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா? யாரு குடுத்தது யூனிஃபார்ம்?”

“நான்தான் எடுத்துக்கினேன் சார்” என்றார் மாமா.

“என் வூட்லேந்து போச்சு சார். பொறுப்பு என்னுது” என்றார் அப்பா.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“மொத வாரமே தெரியும் சார்.”

நான் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

“ஷிப்டு முடிஞ்சு இந்த வழியா வந்தேன். தூரத்துல என் சட்டை நடந்து வருது சார். என்னடா இதுன்னு பாத்தா, உள்ள மச்சான்.”

“தெரிஞ்சும் மூணு மாசம் சும்மா இருந்தீங்களா? நீங்க ஒரு ஹவில்தார்.”

அப்பா தரையைப் பார்த்தார்.

“அவரு காலைல எழுந்து ஷேவ் பண்ண ஆரம்பிச்சிருந்தாரு சார்” என்றார்.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. மாமா தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் எட்டி நம்பரைப் படித்தார், வாய்க்குள் இரண்டு முறை. அதிகாரி அதைக் கவனித்தார். ரிஜிஸ்டரைத் திருப்பி மாமாவின் முன் வைத்தார்.

“இந்தப் பெரிய பெரிய எழுத்து உங்களோடதா?”

“ஆமா சார். கண்ணுக்குத் தெரியணும்ல.”

“நேத்துலேந்து மூணு மாச ரிஜிஸ்டரையும் பாக்கறேன். நம்பர், நேரம், டிரைவர் பேர், எல்லாம் முழுசா இருக்கறது இந்தக் கையெழுத்து இருக்கற ஷிப்டுல மட்டும்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மெயின் கேட்ல நீங்க நிக்க முடியாது. உங்க ஏஜென்சிக்காரன் இனி எங்க நிப்பான்னும் நான் பாக்கணும். பின் கேட்ல சாதா வாட்ச்மேன் ஒருத்தர் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. அதுக்கு மிலிட்டரி வேண்டாம். சம்பளம் குறைச்சல்தான். சொந்தப் பேர்ல, சொந்தக் காயிதத்தோட வரணும். வருவீங்களா?”

மாமா தலையை மட்டும் ஆட்டினார், பல தடவை.

“உங்க பேர் என்ன?”

இந்தக் கேள்வியை அந்தக் கேட்டில் யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. சொன்னார். அதிகாரி அப்பாவின் பெயரை அடித்துவிட்டு அதை எழுதினார்.

பிறகு அப்பாவிடம், “கொடிக்கு எனக்கு ஆள் இல்லாம பண்ணிட்டீங்க. அன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? நீங்க வந்து ஏத்துங்க” என்றார்.

“வரேன் சார். யூனிஃபார்ம் போட மாட்டேன். வெள்ளச் சட்டைல மெடல் மட்டும் குத்திக்கறேன்.”

“அதானே முறை.”

பள்ளிக்கு நான் அரை மணி நேரம் தாமதம். என்ன காரணம் என்று டீச்சர் கேட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை வருடம் கழித்து, என் தொழில் புத்தியோடு யோசித்தால், அந்த வீட்டில் எல்லாரும் தவறு செய்தார்கள். அம்மா சட்டையை அலங்காரம் என்று நினைத்தாள். மாமா மார்பில் இருந்ததைத் திருத்தவில்லை. அப்பா தெரிந்தே ‘மூணு’ என்றார். அந்த அதிகாரி வேறு மாதிரி மனிதராக இருந்திருந்தால் அந்த ‘மூணு’ இரண்டு குடும்பத்தையும் தெருவில் நிறுத்தியிருக்கும். அப்படி ஒரு அறிக்கை என் மேஜைக்கு வந்தால் நிராகரித்துத்தான் அனுப்புவேன். ஆனாலும் அப்பாவை ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இருக்கிறதை இருக்கிறபடி எழுதச் சொன்னவர், பாயின் வெற்றிடத்தைத் தட்டிக் காட்டியபோது எதை எண்ணினார் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

குடியரசு தினத்தன்று தொழிலாளர் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா பட்டுப் புடவை கட்டினாள். அத்தை கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுத் தூத்துக்குடி அண்ணன் நண்பர்களோடு வந்து, மாமாவைப் பின் கேட் காவலாளியின் நீலச் சட்டையில் பார்த்து, “என்ன சார், பனிமலையில இருந்து எறங்கிட்டீயளா?” என்றார். மாமா, “ஆமாய்யா, அங்க ரொம்பக் குளுரு” என்றார். கூட்டம் சிரித்தது. உண்மை அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமாவே டீக்கடையில் சொல்லிவிட்டிருந்தார்.

கொடிக்கம்பத்துக்கு முன் காவலர்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா வரிசையின் முனையில், வெள்ளைச் சட்டையில் மூன்று பதக்கங்களோடு. மாமாவை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அலுவலகத்து ஊழியர் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் ஓரடி முன்னே வந்து “சார்!” என்று சொல்லவேண்டும்.

முதலில் அப்பாவின் பெயர்.

“சார்!” என்று இரண்டு குரல் கேட்டது. இரண்டு பேர் ஓரடி முன்னே வந்தார்கள்.

காவலர் வரிசை குலுங்கியது. அதிகாரி வாயைக் கையால் மூடிக்கொண்டார். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அப்பா நேராகத்தான் நின்றார், ஆனால் அவர் தோள் ஆடுவது எனக்குத் தெரிந்தது.

ஊழியர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மாமா பணிவாக, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்ற முகத்தோடு, எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா முழங்கையால் மெல்ல இடித்தார்.

“மச்சான், உங்களத்தான்.”

“அட ஆமால்ல!” என்ற மாமா ஓரடி முன்னே வந்தார். அதன் பிறகு அவர் கொடுத்த “சார்!” பின் கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.